சௌமியமூர்த்தி தொண்டமானும் மலைநாட்டுத் தமிழரின் குடியுரிமையும்

தோற்றுவாய்

ஒருவன் ஓரூரிற் பிறந்து, அவ்வூர் மண்ணிலேயே உழைத்து, மக்களைப் பெற்று, முதுமையும் எய்துகின்றான். அவ்வூரில் வாழ உனக்கு உரிமை உண்டோ என்று எவரேனும் அவனை வினவுவராயின் அவன் நகைப்பான். ஆயினும், அவ்வினாவிற்கு விடை கூற இயலாமல் பல இலட்சம் மக்கள் திகைத்து நின்ற காலம் ஒன்று உண்டு. அன்னோர் பிறர் அல்லர். நம் தமிழ்மக்களே ஆவர். இலங்கையின் மலைநாட்டிலே தேயிலைச் செடிகளின் நடுவே பிறந்து வளர்ந்த அவர்களை ஒரு நாடு எம்மவர் அல்லர் என்றது. மற்றொரு நாடும் எம்மவர் அல்லர் என்றது. பின்னர் இரு நாட்டு அரசியலாரும் கூடி, இத்தனை பேர் உமக்கு, இத்தனை பேர் எமக்கு என்று தொகை வகுத்துக்கொண்டனர். அவ்வுடன்படிக்கைகளின் இடையே நின்று, அம்மக்கள் நிற்பதற்கு ஒரு நிலம் வேண்டும் என்று அறுபதாண்டு உழைத்த பெரியார் சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்களின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக எழுதப் புகுகின்றோம்.

குள்ளஞ்சாவடியைச் சூழ வாழும் நம் சங்கத்து அன்பர்களுக்கு இஃது ஏதோ தொலைவிலுள்ள செய்தி போலத் தோன்றலாம். நம் ஊர்க்கு அண்மையிலே அம்பலவாணன்பேட்டையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருத்தலை நாம் அறிவோம். நெய்வேலிச் சுரங்கத்தின் பொருட்டுத் தம் சிற்றூர்களை விட்டுப் பெயர்ந்த குடும்பங்களும் நம்மிடையே உள. நம் பிள்ளைகளிற் பலர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் பிழைப்பை நாடிச் சென்றிருக்கின்றனர். ஆதலின், அயல்நாட்டில் வாழும் உரிமை எதனால் நிலைபெறுகின்றது, எதனால் கெடுகின்றது என்பதை ஒரு பெரியாரின் வாழ்க்கை வாயிலாக அறிந்துகொள்ளுதல் நமக்குப் பயன்தரும்.

மலைநாடு சென்ற மக்கள்

தொண்டமானின் வரலாற்றை அறிதற்குமுன் அவர் யாருக்காக உழைத்தாரோ அவர் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் கண்டிச் சீமையிற் காடுகளை அழித்துக் காப்பித் தோட்டங்களை ஏற்படுத்தினர். அத்தோட்டங்களில் வேலைசெய்யத் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து ஏழைமக்களைக் கங்காணிமார் திரட்டிச் சென்றனர். பஞ்சமும் கடனும் ஊரில் துரத்த, முன்பணம் பெற்றுக்கொண்டு புறப்பட்ட அம்மக்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரையிலும் காட்டுவழியே கால்நடையாகச் சென்றனர். காய்ச்சலாலும் பேதியாலும் வழியிலே மாண்டவர் பலர். காப்பிச் செடியை நோய் பற்றி அழித்தபின் அவ்விடத்திலே தேயிலை வந்தது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்காத்லாந்துத் துரை லூல்கந்துர என்ற தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டார். காப்பி, பழம் பறிக்குங் காலத்தே மிகுந்த ஆள் வேண்டும் பயிர். தேயிலையோ ஆண்டு முழுதும் கொழுந்து எடுக்க வேண்டும் பயிர். ஆதலின், வந்துபோய்க் கொண்டிருந்த மக்கள் லயங்கள் என்னும் நீண்ட வரிசை வீடுகளிலே நிலையாகத் தங்கினர். அங்கேயே மணந்தனர், அங்கேயே மகப்பெற்றனர், அங்கேயே மண்ணாயினர்.

இவர்களுக்கு உரிமை யாது என்பது அக்காலத்திற் கேள்வியாகவே எழவில்லை. இந்தியாவும் இலங்கையும் ஒரே பேரரசின் கீழ் இருந்தன. ஆங்கிலேயர்க்கு ஆள் வேண்டியிருந்தது. உழைப்பைக் கொடுத்தவர் உரிமைச் சீட்டைக் கேட்டிலர். கொடுப்பார் ஒருவரும் இருந்திலர். பின்னாளில் விளைந்த துன்பங்கட்கெல்லாம் வித்து இதுவே என்பது எம் கருத்து.

பிறப்பும் இளமையும்

இப்பொழுது சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்துள்ள பகுதியிலே, திருப்பத்தூரை அடுத்த முனைப்புதூர் என்னுஞ் சிற்றூரில், 1913ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30ஆம் நாள் தொண்டமான் பிறந்தார். தந்தையார் கருப்பையா, வறுமையின் காரணமாக இளமையிலேயே இலங்கைக்குச் சென்று தோட்டத்தில் ஆளாக வேலைசெய்தவர். தம் உழைப்பாலும் நாணயத்தாலும் கங்காணியாக உயர்ந்து, பின்னர் இறம்பொடைப் பக்கத்திலுள்ள வேவண்டன் தோட்டத்தைத் தாமே விலைக்கு வாங்கும் நிலையையும் எய்தினார். கூலியாளாகச் சென்ற தமிழர் ஒருவர் துரைமாரின் தோட்டத்துக்கு உடையவரானது அக்காலத்தில் அரிய செயலாகும்.

சிறுவராயிருந்தபோதே தொண்டமான் தந்தையாரிடம் அழைத்துச் செல்லப்பெற்றார். கம்பளையில் உள்ள புனித அந்திரேயர் கல்லூரியிற் பயின்றார். 1927ஆம் ஆண்டில் காந்தியடிகள் இலங்கைக்கு எழுந்தருளி மலைநாட்டிலும் சுற்றுப்பயணஞ் செய்தார். இந்தியாவில் நிகழ்ந்துகொண்டிருந்த விடுதலைக் கிளர்ச்சியின் செய்திகள் அக்காலத்து இளைஞர் உள்ளத்தைக் கவர்ந்தன. தொண்டமான் உள்ளமும் அவற்றில் ஈடுபட்டது. தோட்டத்து உடையவரின் மகனாகப் பிறந்தவர் தோட்டத்து உழைப்பாளரின் பக்கம் நின்றது வியப்பே. எனினும் தந்தையார் பட்ட பாட்டை அறிந்த மகனுக்கு லயத்து வாழ்வு அயலாக இருந்திராது என்று நாம் கொள்ளலாம்.

காங்கிரசின் தோற்றம்

மலைநாட்டில் உழைப்பாளரை ஒன்றுசேர்க்கும் பணியைத் தொண்டமானுக்கு முன்னரே தஞ்சை மாவட்டத்தவராகிய கோ. நடேசய்யர் தொடங்கியிருந்தார். அவர் 1931ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர்க்கென ஒரு சங்கம் கண்டவர். அவ்வாண்டிலேதான் டொனமூர் அரசியல் திட்டத்தின்படி இலங்கையில் வயது வந்தோர்க்கெல்லாம் வாக்குரிமை வந்தது. இந்திய வழியினரும் அங்கு நிலையாக வாழ்வதைக் காட்டின் வாக்களிக்கலாம் என்றிருந்தது. வாக்கு வந்தவுடன் அச்சமும் வந்தது. தோட்டத்து மக்கள் திரண்டு வாக்களிப்பராயின் மலைநாட்டுத் தொகுதிகள் அவர் கைக்குச் சென்றுவிடும் என்று சிங்களத் தலைவர் சிலர் கருதினர். உலகச் சந்தையில் விலை வீழ்ந்து வேலையின்மை மிகுந்த காலமாகவும் அது இருந்தது.

1939ஆம் ஆண்டில் அரசாங்க வேலையிலிருந்த இந்திய நாட்கூலியாட்களை நீக்குவதென இலங்கை அரசியலார் துணிந்தனர். அதுபற்றிப் பேச ஜவஹர்லால் நேரு அவ்வாண்டு ஜூலையிற் கொழும்புக்கு வந்தார். அவருடைய அறிவுரையின் பயனாகச் சிதறிக்கிடந்த இந்தியர் கழகங்கள் ஒன்றுகூடி ஜூலை 25ஆம் நாள் இலங்கை இந்தியக் காங்கிரசு நிறுவப்பெற்றது. இந்திய அரசாங்கமும் அவ்வாண்டிலே, கூலி வேலைக்காக இலங்கைக்கு ஆள் செல்வதைத் தடுத்து ஆணையிட்டது. தொண்டமான் கம்பளைக் கிளையின் தலைவராகிப் பொதுவாழ்விற் புகுந்தார். அப்போது அவர்க்கு வயது இருபத்தாறு.

மறு ஆண்டிற் காங்கிரசின் சார்பில் தொழிற்சங்கமும் அமைந்தது. 1940ஆம் ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி காவலர் துப்பாக்கிக்கு இரையானார். சங்கம் வைக்கும் உரிமையே உயிரைக் கொடுத்துப் பெறவேண்டியதாயிருந்தது என்பதை இந்நிகழ்ச்சி காட்டும். அக்காலத்தில் ஒரு தோட்டத்தில் வேலை போயின் லயத்து வீடும் போம். பற்றுச்சீட்டு என்னும் விடுகைத்தாளைக் கையிற் கொடுத்துக் குடும்பத்தோடு வெளியே நிறுத்திவிடுவர். வீடும் வேலையும் ஒரே கையிலிருந்து வந்தமையால், இருப்புரிமை என்பது துரையின் மனப்போக்கைப் பொறுத்ததாயிற்று.

1945ஆம் ஆண்டில் தொண்டமான் காங்கிரசின் தலைவரானார். மறு ஆண்டிலே கேகாலைப் பகுதியிலுள்ள நேவ்ஸ்மியர் தோட்டத்தை, நிலமற்ற சிற்றூர் மக்களுக்குப் பங்கிடுவதற்காக அரசாங்கம் எடுத்துக்கொண்டு, ஆங்கிருந்த இந்தியத் தொழிலாளர் குடும்பங்களை வெளியேறுமாறு பணித்தது. காடாயிருந்த இடத்தைத் தம் முன்னோரே தோட்டமாக்கினர் என்று கூறி அவர் வெளியேற மறுத்தனர். அவர்க்கு ஆதரவாகத் தோட்டந்தோறும் வேலைநிறுத்தம் பரவிற்று. நிலமற்ற சிங்கள உழவனின் துன்பமும் மெய்யே; லயத்துத் தமிழனின் துன்பமும் மெய்யே. ஓர் ஏழையின் குறையைத் தீர்க்க மற்றோர் ஏழையைத் தெருவில் நிறுத்துதல் முறையன்று என்பதே அன்று எழுந்த வழக்கின் சாரம்.

குடியுரிமை இழந்த கதை

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தொண்டமான் நுவரெலியாத் தொகுதியில் வெற்றிபெற்றுப் பாராளுமன்றம் புகுந்தார். காங்கிரசைச் சேர்ந்த வேறு சிலரும் மலைநாட்டுத் தொகுதிகளில் வென்றனர். அவ்வாண்டு டிசம்பரில் நேருவும் இலங்கைப் பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவும் டில்லியிற் பேசினர். எத்தனை ஆண்டு வாழ்ந்தோர்க்குக் குடியுரிமை தருவது என்பது முதலியவற்றில் உடன்பாடு காணாமற் பிரிந்தனர்.

1948ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் நிறைவேறி, நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டப்படி, இலங்கையிற் பிறந்தவன் ஒருவன் தன் தந்தையும் அங்கேயே பிறந்தவன் என்று காட்டல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர் என்று காட்டல் வேண்டும். தோட்டத்து ஏழைகள் பிறப்புப் பதிவுத்தாளுக்கு எங்கே போவர்? சிங்கள உழவனிடமும் அத்தகைய தாள் இருந்ததில்லை. ஆனால் அவனை எவரும் கேட்டிலர். தமிழ்ப் பெயரைத் தாங்கிய தோட்டத்தானே கேட்கப்பட்டான். அதன்பின் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டம், குடியுரிமை உடையார்க்கே வாக்கு என்றது. நேற்று வாக்களித்துத் தம் உறுப்பினரைத் தேர்ந்தவர் இன்று பட்டியலில் இல்லாதவராயினர். ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் எந்நாட்டவரும் அல்லர் என்னும் நிலைக்கு வந்தனர்.

தொண்டமான் பாராளுமன்றத்தில் இச்சட்டங்களை எதிர்த்து வாதிட்டார். யாழ்ப்பாணத்துத் தலைவருள் எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்கள், இன்று மலைநாட்டான் மேல் விழுந்த அடி நாளை நம்மேலும் விழும் என்னுங் கருத்தினராய் எதிர்த்து நின்றார். அவர் தம் கட்சியை விட்டு நீங்கித் தனிக்கட்சி காணவும் இஃதொரு காரணமாயிற்று. எனினும் பெரும்பான்மை வென்றது.

1949ஆம் ஆண்டிலே இந்திய, பாக்கிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் என மற்றொன்று வந்தது. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது வாழ்ந்ததை மெய்ப்பித்தால் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்றது அது. விண்ணப்பிப்பது தம் பிறப்புரிமையையே விட்டுக்கொடுப்பதாகும் என்று கருதிய காங்கிரசு, முதலில் அதனைப் புறக்கணிக்கச் சொல்லிற்று. நாட்கள் ஓடின. பின்னர்த் தீங்கை உணர்ந்து, தவணை முடிவதற்குள் எல்லாரும் விண்ணப்பிக்குமாறு தோட்டந்தோறும் ஆளனுப்பி எழுதச் செய்தது. 1951ஆம் ஆண்டு ஆகஸ்டில் தவணை முடியுமுன் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் பொருட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. அவருட் பல ஆண்டுகள் கழித்துக் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. ஒருமுறை ஊருக்குச் சென்று வந்தது, மனைவி சில நாள் தமிழ்நாட்டில் இருந்தது, பெயரில் ஓரெழுத்து மாறியது போன்ற காரணங்களால் எண்ணிறந்தவை தள்ளப்பட்டன.

வழக்கு மன்றத்தையும் நாடினர். கொடக்கன் பிள்ளை என்பவர் பெயரால் தொடுக்கப்பெற்ற வழக்கு இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் வரையிற் சென்றது. குடியுரிமையின் தகுதியை வகுப்பது ஒரு நாட்டின் இயல்பான அதிகாரம் என்று 1953ஆம் ஆண்டில் அம்மன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முந்திய ஆண்டிலே, 1952 ஏப்ரலிற் பிரதமர் அலுவலகத்தின் முன் காங்கிரசார் சத்தியாக்கிரகம் தொடங்கி நான்கு திங்களுக்கு மேல் நடத்தினர். தொண்டமானும் அதில் முன்னின்றார். சட்டம் மாறவில்லை. ஆயினும் தோட்டத்து மக்கள் வன்முறை பாராட்டாமல் நீண்ட போரை நடத்தவல்லர் என்பது உலகுக்குத் தெரிந்தது.

உடன்படிக்கைகள்

1954ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் நேருவும் சர் ஜான் கொத்தலாவலையும் டில்லியில் ஓர் உடன்படிக்கை செய்தனர். ஆனால் கையெழுத்தின் மை உலருமுன்னே பொருள்கோளில் வேற்றுமை தோன்றிற்று. இலங்கைக் குடியுரிமை பெறாதவர் எல்லாரும் இந்தியரே என்றது இலங்கை. எம் கடவுச்சீட்டைப் பெற்றவரே இந்தியர், ஏனையோர் நாடற்றவர் என்றது இந்தியா. இருவர் சொல்லும் சட்டத்திற்குப் பொருந்தலாம். இடையில் நின்றவனுக்கோ சோறும் இல்லை, சீட்டும் இல்லை.

இதற்கிடையே காங்கிரசு இலங்கைத் தொழிலாளர் காங்கிரசு என்னும் பெயர் பெற்றது. உடனிருந்த ஏ. அஸீஸ் முதலியோர் பிரிந்து வேறு சங்கம் கண்டனர். எனினும் பெருந்தொகையினர் தொண்டமான் பின்னரே நின்றனர். 1960ஆம் ஆண்டில் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் அவரைப் பாராளுமன்றத்துக்கு நியமன உறுப்பினராக்கிற்று.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், இந்தியப் பிரதமர் இலால் பகதூர் சாஸ்திரியும் திருமதி சிறிமாவோவும் டில்லியில் மற்றோர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றவர் தொகை 9,75,000 என மதிக்கப்பட்டது. அவருள் 5,25,000 பேரை அவர்தம் இயற்கைப் பெருக்கத்தோடு இந்தியா ஏற்பது; 3,00,000 பேரை இலங்கை ஏற்பது; எஞ்சிய 1,50,000 பேரைப்பற்றிப் பின்னர்ப் பேசுவது; பதினைந்து ஆண்டுக்குள் இவையனைத்தும் முடிப்பது என்பதே அதன் சாரம். அம்மக்களின் தலைவர் ஒருவரேனும் அவ்வவையில் உடன்வைத்துக் கேட்கப்பட்டிலர். தொண்டமான் இதனைக் கடுமையாக எதிர்த்தார். மக்களைத் தலையெண்ணிப் பங்கிடுதல் அறமன்று. எங்கே வாழ விரும்புகின்றாய் என்று ஒவ்வொருவனையும் கேட்டல் வேண்டும் என்பதே அவர் கோட்பாடு. அவர் வாழ்நாள் முழுதும் மாறாது நின்ற கொள்கை இஃதொன்றே என்று கூறினும் மிகையாகாது.

அவர் கூறியது சரியே என்பதைப் பின்னிகழ்ந்தவை காட்டின. விண்ணப்பங்கள் பெறப்பட்டபோது, இலங்கைக் குடியுரிமை வேண்டியோர் ஒதுக்கிய தொகையினும் மிகப் பலராயினர். இந்தியாவை வேண்டியோர் ஒதுக்கிய தொகையை எட்டினாரில்லை. பிறந்த மண்ணை விட மனமில்லாதவர் பலர் என்பது இதனாற் புலனாம்.

எதிர்த்த ஒப்பந்தத்தைத் தடுக்க முடியாதபோது, அதன் கொடுமையைக் குறைக்கும் வழியைத் தொண்டமான் நாடினார். 1965ஆம் ஆண்டில் டட்லி சேனநாயக்கா அமைத்த அரசாங்கத்தை அவர் ஆதரித்தார். புதிதாகக் குடியுரிமை பெறுவோரைத் தனி வாக்காளர் பட்டியலில் ஒதுக்கிவைக்கும் எண்ணம் கைவிடப்பட்டது. ஒப்பந்தத்தை நிறைவேற்றும் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில், இத்தனை பேர் கப்பலேறினால்தான் இத்தனை பேர்க்கு இங்கே உரிமை என்னும் கட்டும் தளர்த்தப்பட்டது. ஆட்சி மாறியபின் 1971ஆம் ஆண்டில் அக்கட்டு மீண்டும் இறுக்கப்பட்டது. 1974ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திரா காந்தி அம்மையாரும் சிறிமாவோ அம்மையாரும், எஞ்சிநின்ற 1,50,000 பேரைப் பாதிபாதியாகப் பகிர்ந்துகொண்டனர்.

அக்காலம் மலைநாட்டுக்குப் பெருந்துயர்க் காலமாகும். 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களை வாட்டிற்று. நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. பல தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. பசிக்கு அஞ்சியே இந்தியக் கடவுச்சீட்டை வேண்டிக் கப்பலேறியவர் எத்துணையர்! தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு வந்த கப்பலில் அவர் இறங்கினர். மலையகப் புகைவண்டி நிலையங்களில் அவரை வழியனுப்பிய உற்றார், இனிக் காண்போமோ என்று கட்டிக்கொண்டு அழுதனர். ஒரு குடும்பத்தில் மூத்தவனுக்கு இந்தியச் சீட்டும் இளையவனுக்கு இலங்கைச் சீட்டும் வந்தமையும் உண்டு. ஒப்பந்தத் தாளில் இவை எண்களாகவே நின்றன.

தமிழ்நாட்டுக்கு வந்தோர் மண்டபத்திற் பதிவுசெய்யப்பெற்றுப் பல இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். நீலகிரியிற் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் தமிழ்நாட்டு அரசாங்கம் 1968ஆம் ஆண்டு முதல் தேயிலைத் தோட்டங்களை அமைத்து அவரிற் பலர்க்கு வேலை அளித்தது. தாயகம் திரும்பியோர்க்கெனக் கூட்டுறவு வங்கியொன்றும் 1969ஆம் ஆண்டில் தோன்றியது. ரெப்கோ வங்கி எனப்படுவது அதுவே. எனினும் தாயகம் எனப்பட்ட நாட்டில், பாட்டன் ஊரில் உறவினர் அடையாளங் காணாமல், சிலோன்காரர் என்று அழைக்கப்பட்டு அவர் மனம் நொந்ததை அறிந்தோர் அறிவர். இலங்கையில் இந்தியர், இந்தியாவிற் சிலோன்காரர். இப்பெயர் மாற்றத்தில் அடங்கிய துன்பம் பெரிது.

உரிமை மீண்ட வரலாறு

1972ஆம் ஆண்டில் தமிழ்க் கட்சிகள் ஒன்றுகூடித் தமிழர் கூட்டணி கண்டபோது, செல்வநாயகம், ஜி. ஜி. பொன்னம்பலம் ஆகிய இருவரோடும் தொண்டமான் மூன்றாந் தலைவராக அமர்ந்தார். 1976ஆம் ஆண்டிற் கூட்டணி தனிநாட்டுக் கோரிக்கையை மேற்கொண்டபோது அவர் அதில் உடன்படவில்லை. தம் மக்கள் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்பவர் அல்லர்; சிங்கள ஊர்களாற் சூழப்பட்ட மலைகளில் வாழ்பவர்; அவர்க்கு வேண்டுவது அவர் நிற்கும் இடத்திலேயே உரிமை என்று அவர் எண்ணினார்.

1977ஆம் ஆண்டு மே மாதத்தில் டெவன் தோட்டத்து நிலத்தைக் காக்க நின்றபோது சிவனு இலட்சுமணன் என்னும் இளைஞர் சுடப்பட்டு இறந்தார். அவ்வாண்டுத் தேர்தலில் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியின் உறுப்பினர் மூவருள் ஒருவராகத் தொண்டமான் தேர்ந்தெடுக்கப்பெற்றார். வாக்குரிமை பறிக்கப்பட்டபின் மக்கள் வாக்கால் அவர் பாராளுமன்றம் புக முப்பது ஆண்டு ஆயிற்று. 1978ஆம் ஆண்டில் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அமைச்சரவையில் ஊரகத் தொழில் வளர்ச்சி அமைச்சரானார். 

இவர் அமைச்சராக அமர்ந்ததைக் குறைகூறியவர் உளர். 1981, 1983ஆம் ஆண்டுக் கலவரங்களில் தோட்டத்துத் தமிழர் தாக்குண்டபோதும் அவர் பதவியை விடாமை பலருக்கு வருத்தமளித்தது. அக்குறையை மறைத்தல் எம் நோக்கமன்று. ஆயினும் பதவியால் விளைந்த பயனையும் நிறுத்துப் பார்த்தலே நடுநிலை. 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பயனாகத் தோட்டத்துப் பெண்டிர்க்கு ஆடவரோடு ஒத்த கூலி கிடைத்தது. அமைச்சராக இருந்துகொண்டே தம் அரசாங்கத்துக்கு எதிரே வேலைநிறுத்தம் நடத்தியவர் அவர்.

1981ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் காலம் முடிந்தது. புது விண்ணப்பங்களை இனி ஏலோம் என்றது இந்தியா. 1984ஆம் ஆண்டில் கப்பலும் நின்றது. இந்தியச் சீட்டைப் பெற்றும் போக வழியில்லாதவர், விண்ணப்பமே செய்யாதவர், இருபுறமும் பதிவில்லாதவர் எனப் பலர் தங்கிவிட்டனர்.

அந்நிலையிலே, 1986ஆம் ஆண்டு தைப்பொங்கல் நாளில், தொண்டமான் புதுவகையான அறப்போர் ஒன்றைத் தொடங்கினார். தோட்டத்து மக்கள் முற்பகலில் வேலைக்குச் செல்லாமல் கோயில்களிற் கூடி வழிபாடு செய்வர் என்பதே அது. வழிபாட்டைத் தடுக்க எவராலாகும்? தேயிலை கொழுந்து முற்றி நின்றால் நாட்டின் வருவாயே குன்றும். அரசாங்கம் விரைந்து உடன்பட்டது. அவ்வாண்டு இயற்றிய 5ஆம் எண் சட்டத்தால், இந்தியாவை வேண்டாதிருந்த 94,000 பேர்க்கும் இலங்கைக் குடியுரிமை உறுதியாயிற்று. 1988ஆம் ஆண்டில் 39ஆம் எண் சட்டம் வந்தது. அதன்படி, இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பியாதவர் சத்தியக் கடதாசி ஒன்றைக் கொண்டே தம்மை இலங்கைக் குடிமகன் என்று நிறுவலாம். 1948இல் பாட்டன் பூட்டன் பிறந்த தாளைக் கேட்ட நாடு, நாற்பது ஆண்டு கழித்து அவன் சொல்லையே சான்றாக ஏற்றது.

பிரேமதாசா, விஜேதுங்கா, சந்திரிகா ஆகியோர் ஆட்சிகளிலும் அமைச்சராக இருந்த தொண்டமான், 1999ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், தம் எண்பத்தாறாம் வயதிற் கொழும்பில் மறைந்தார். அவர் எதிர்த்த ஒப்பந்தம் கையெழுத்தாகி அன்றோடு முப்பத்தைந்து ஆண்டு நிறைந்தது. அவர் பேரர் ஆறுமுகன் தொண்டமான் காங்கிரசின் தலைமையில் இருந்த காலத்தே, 2003ஆம் ஆண்டின் 35ஆம் எண் சட்டம் எஞ்சிய 1,68,141 பேரின் நாடற்ற நிலையைத் தீர்த்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்பவரும் அவர் வழியினரும் குடிமக்கள் என்பதே அச்சட்டத்தின் விதி. பிரிப்பதற்கு வைத்த நாளே உரிமைக்கு எல்லைக்கல்லாயிற்று.

இன்னும் தீராதது

இலங்கையில் ஒருவாறு தீர்ந்த வழக்கு நம் நாட்டில் முற்றும் தீர்ந்திலது. 1983க்குப் பின் அகதிகளாகத் தமிழ்நாட்டுக்கு வந்தோருள் மலைநாட்டு வழியினரும் உளர். இன்றும் முகாம்களில் அவர் பல்லாயிரவர். ஒப்பந்தப்படி முறையாக வந்தவன் இந்தியக் குடிமகனானான்; அதே லயத்திலிருந்து கலவரத்துக்கு அஞ்சித் தோணியேறி வந்த அவன் தம்பி சட்டத்திற்குப் புறம்பாகக் குடியேறியவன் எனப்படுகின்றான். 2019ஆம் ஆண்டு ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இத்தகையோர் தொடுத்த வழக்கில், அவர் இந்திய வழியினர் என்பதை எண்ணிப்பார்த்து அவர்தம் விண்ணப்பங்களை நடுவணரசு ஆராய்தல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு இறுதியில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. முகாமிற் பிறந்து நம் பள்ளிகளிற் படிக்கும் பிள்ளைகளை நாம் காண்கின்றோம். அவர் பேசுவது நம் தமிழ். அவர் பாட்டன் புறப்பட்டதும் நம் மண்ணிலிருந்தே.

இத்தகைய நிலை இலங்கைக்கே உரியதன்று. பர்மாவிலிருந்து நம்மவர் 1960களில் வெறுங்கையராய் வந்தனர். உகாண்டாவில் 1972ஆம் ஆண்டில் ஆசியரைத் தொண்ணூறு நாளில் வெளியேறச் சொன்னார் இடி அமீன். நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியிலோ, 1962ஆம் ஆண்டில் பிரெஞ்சிந்திய உடன்படிக்கை உறுதியானபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வேண்டுவோர் ஆறு திங்களுக்குள் எழுத்தாற் தெரிவிக்கலாம் என விதித்தனர். விரும்பியவர் எழுதிக்கொடுத்தனர், அவர் மக்கள் இன்றும் அவ்வுரிமையோடு வாழ்கின்றனர். மனிதனைக் கேட்டுச் செய்த உடன்படிக்கைக்கும் கேளாது செய்த உடன்படிக்கைக்கும் உள்ள வேற்றுமையை இவ்விரண்டையும் ஒப்பிட்டு உணர்க.

முடிவுரை

தொண்டமான் வாழ்க்கையிலிருந்து நம் குடும்பங்கள் கொள்ளத்தக்கவை சில. முதலாவது, உழைப்பு எத்துணைப் பெரிதாயினும், தாளில் ஏறாத உரிமை காற்றில் எழுதியதாகவே முடியும். பிறப்புச் சான்று, மணச் சான்று, வேலை ஒப்பந்தம், கடவுச்சீட்டு ஆகியவற்றில் ஊரும் பெயரும் ஓரெழுத்தும் மாறாமல் அமைத்துக் காத்தல் வேண்டும். அயல்நாட்டிலுள்ள பிள்ளைகட்கு இதனை அடிக்கடி நினைவூட்டுக. இரண்டாவது, சட்டம் தீயதாயினும் தவணை தவணையே. எதிர்ப்பை ஒரு கையிலும் விண்ணப்பத்தை மறு கையிலும் ஏந்துதல் வேண்டும்; 1949க்குப் பின் வீணான நாட்கள் இதனை விலைகொடுத்துக் கற்பித்தன. மூன்றாவது, தனியனாய் நிற்பவனுக்கு அரசாங்கம் செவிசாய்ப்பதில்லை. சங்கமாய் நின்றவரே சட்டத்தைத் திருப்பினர்.

நான்காவதாகவும் ஒன்றுண்டு. அயல்நாட்டில் நம் பிள்ளைக்கு உரிமை வேண்டும் என்று கேட்கும் நாம், நம் ஊர் எல்லையில் முகாமில் இருப்பவனைப் பற்றியும் எண்ணுதல் வேண்டும். அவன் பிள்ளைக்குச் சாதிச் சான்றோ, கல்விக் கட்டணமோ, விண்ணப்பம் எழுதும் உதவியோ வேண்டியிருக்கலாம். நம் சங்கத்திற் படித்த இளைஞர் சிலர் திங்களில் ஒருநாள் அங்குச் சென்று அவர்க்கு எழுத்துவேலை செய்து கொடுப்பராயின், அறுபதாண்டு அப்பணியையே செய்த அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் தக்க நன்றி அதுவாகும்.